பதில் சொன்னவன்

எங்கள் நைனா எழுதிப் பிழைத்தவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டுவார்கள். நாவலா, நாடகமா என்று ஆவலாகக் கேட்பார்கள். சிந்து, கொலைச்சிந்து என்பேன். ஆடிய தலை அப்படியே நின்றுவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கேயாவது ஒரு கொலை நடந்தால், ரயில் கவிழ்ந்தால், காதலித்தவர்கள் கிணற்றில் குதித்தால், சூடு ஆறுவதற்குள் அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் சின்னப் புத்தகமாக அடித்து, ரயிலடியிலும் துறைமுக வாசலிலும் பாடிப் பாடி விற்பார்கள். கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஜனங்கள் நின்று கேட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, ஒன்று வாங்கிப் போவார்கள். பாடி விற்கிறவர்கள் வேறு. கட்டிக் கொடுக்கிறவர் நைனா. சாவு கிடைக்காத நாட்களில் கல்யாண வாழ்த்து, பல்பொடி விளம்பரம், கருமாதிப் பத்திரிகை என்று எதையாவது எழுதுவார். அதில் அடுப்பு எரியாது. சாவில்தான் எரியும்.

அம்மா தினமும் விளக்கேற்றும்போது இரண்டு வேண்டுதல் வைப்பாள். ஊரில் யாருக்கும் ஒரு கெடுதலும் வரக்கூடாது. இவருக்குக் கைநிறைய வேலை வரவேண்டும். சாமி பாவம், எந்தக் காதால் எதை வாங்கிக்கொள்ளும்?

எனக்கும் அந்தத் தொழிலில் ஒரு பங்கு உண்டு. பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து நைனா பாடிக் காட்டுவார். நான் அழுதால் பாட்டு அச்சாபீசுக்குப் போகும். அழாவிட்டால் மறுபடி எழுதுவார். "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுததாம். இந்த வூட்ல குட்டி ஓநாய் வேற" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். நானோ அழுவதில் கெட்டிக்காரி. ராயபுரத்தில் அந்த வயதில் யாருக்கும் கிடைக்காத பெருமை அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கின காலம். அந்த ஐப்பசியில் வாடைக்காற்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிட்டது. திருவொற்றியூருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு குப்பத்திலிருந்து கடலுக்குப் போன கட்டுமரம் ஒன்று கரைக்கு வரவில்லை. அதில் போனவர்கள் இரண்டு பேர். கன்னியப்பன் என்று ஒருவர், கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆனவர். இன்னொருவர் அவருடைய மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன். மச்சானின் உடம்பு மட்டும் ஒதுங்கியது.

நைனா அன்றைக்கே குப்பத்துக்குப் போய்விட்டார். சூளை என்ற பேட்டையில் இன்னொரு சிந்துக்காரர் இருந்தார். அவர் முந்திக்கொண்டால் எங்கள் வீட்டில் கஞ்சிதான். நைனா அழுகிற பெண்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசாரிப்பார். என்ன வயசு, என்ன சாப்பிட்டுப் போனான், போகும்போது என்ன சொன்னான். கேட்டதை எல்லாம் மனசில் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் கடலுக்குள் நடந்ததை யாரிடம் கேட்பது? அதை அவர்தான் எழுத வேண்டும். கன்னியப்பனுக்கு அம்மா கிடையாது, சிறு வயதிலேயே போய்விட்டாள் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டார்.

*அந்தரத்தில் அலைநடுவில் அன்னைகுரல் கேட்டான் – அவன்*
*வந்தேன்தாய் இதோவென்று வாய்திறந்து விட்டான்.*

இந்த இடத்தில் நான் விசும்பி விசும்பி அழுதேன். நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. அச்சாபீஸ் முதலாளி இரண்டாம் தடவை அடித்தார். எங்களுக்கு அந்தத் தீபாவளிக்குத் துணி வந்தது. எனக்குப் பச்சைப் பாவாடை.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம். தெருவில் ஈ காக்கை இல்லை. துறைமுகத்துப் பக்கத்திலிருந்து நிலக்கரிப் புகை வந்து வெயிலோடு கலந்து மஞ்சளாக நின்றது. நான் வாசல்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை உரசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் ஓர் ஆள். வந்த சத்தமே கேட்கவில்லை. காக்கிப் பேண்ட்டு, இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டியிருந்தது. முடி வெளுத்துச் செம்பட்டையாகியிருந்தது. உதடு உரிந்து போயிருந்தது.

"பாட்டு கட்றவரு வூடு இதானா?" என்றார். தொண்டை சீவிவிட்டாற்போல ஒரு குரல். கத்திக் கத்தி ஓய்ந்துபோன குரல்.

ஆமாம் என்றேன். "கன்னியப்பன் வந்துக்கீறான்னு சொல்லு கண்ணு."

எனக்கு முதலில் தோன்றியது அவர் காலைப் பார்க்கவேண்டும் என்பதுதான். பேய்க்குக் கால் இருக்காது என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பார்த்தேன். கால் இருந்தது. ஆனால் முழங்கால் வரை புழுதி படிந்து, தரையும் காலும் ஒரே நிறமாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. உள்ளே ஓடினேன்.

நைனா வந்து பார்த்ததும் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டாரோ. அம்மாதான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தண்ணீர் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் அது தெரிந்தது. குடித்து முடித்து, காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

கட்டுமரம் சிதறியதும் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வடக்கே போன சரக்குக் கப்பல் தூக்கிப்போட்டுக் காக்கிநாடாவில் இறக்கியிருக்கிறது. அங்கே தர்மாஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்து, பாஷை தெரியாமல் பிச்சை எடுத்து, டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி, இறக்கிவிட்ட இடத்திலிருந்தெல்லாம் நடந்து வந்து சேர்ந்திருக்கிறார். வந்து இறங்கின ரயிலடியிலேயே தன் சாவைக் கேட்டிருக்கிறார். ஜனங்கள் அழுதார்கள், நானும் நின்று கேட்டேன் என்றார்.

"அதெல்லாம் போவட்டும் வாத்தியாரே. ஆத்தா கூப்ட்டுச்சே, அது உனக்கு எப்டித் தெரியும்? நான் ஒரு ஆள்கிட்டயும் சொல்லலியே."

நைனாவின் கை படக்கென்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. "நான் சொம்மா எழுதினதுப்பா. எதுகைக்கு."

"கூப்ட்டுச்சி வாத்தியாரே. ரெண்டாம் நா ராத்திரி. பேரச் சொல்லி."

அம்மா என்னை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் வந்த காரியம் இதுதான். குப்பத்தில் அவரை யாரும் சேர்க்கவில்லை. கருமாதி முடிந்து, பெண்டாட்டிக்குத் தாலியும் அறுத்தாகிவிட்டது. இவர் போய் நின்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள். சாகவில்லை, உயிரோடுதான் வந்திருக்கிறான் என்று நைனா வந்து சொல்ல வேண்டும். முடிந்தால் அதையும் ஒரு பாட்டாகக் கட்ட வேண்டும். "பாட்டுல செத்தவன் பாட்டுலதான பொழைக்கணும்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

நைனா உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டார். சின்னப் பெண் கூட இருந்தால் அடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

குப்பத்துக்குள் நாங்கள் போனபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவுப் படலை இழுத்துக்கொண்டார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை. கன்னியப்பன் தன் குடிசைக்கு எதிரில் போய் மணலில் நின்றார். சாத்தின படலுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

குப்பத்துப் பெரியதனக்காரர் வந்தார். நைனா கையைக் கூப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில் எழுதினது பொய், பிழைப்புக்காக எழுதினது, இந்தப் பிள்ளை தலைமேல் சத்தியம் என்று என் தலையில் கையை வைத்தார்.

பெரியதனக்காரர் கோபப்படவில்லை. நைனாவிடம் திரும்பவே இல்லை. கன்னியப்பனையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "உங்காத்தா கூப்ட்டாளா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கன்னியப்பன் "கூப்ட்டுச்சி" என்றார்.

"நீ பதில் குட்த்தியா?"

கன்னியப்பன் கடலைத் திரும்பிப் பார்த்தார். "ஞாபகமில்ல" என்றார்.

படலுக்குப் பின்னால் ஒரு பெண் 'ஐயோ' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான், காரியம் முடிந்துவிட்டது. நைனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கடல் தெரியாதவர். நடுக்கடலில் செத்தவர்கள் கூப்பிடுவார்கள், அது எல்லோருக்கும் நடப்பதுதான், பதில் கொடுக்காமல் இருந்தால் தப்பிக்கலாம், பதில் கொடுத்தவன் அவர்களோடு போய்விடுகிறான், அப்புறம் கரைக்கு வருவது வேறு எதுவோ. அந்த ஜனங்களுக்கு இது தாய்ப்பாலோடு தெரிந்த விஷயம். நைனா ஓர் அழகுக்காகப் போட்ட 'இதோ வந்தேன்' அவர்கள் வரையில் மரணச் சீட்டு.

"கூடப் போனவன் பொணமா வந்தான். அவன நாங்க எரிச்சோம், அழுதோம். நீ பேண்ட்டு போட்டுகினு வந்து நிக்கிறியே, உன்ன இன்னா பண்ண? உன்ன ஏத்திக்கினா ஒரு மரம் கரை சேராதுப்பா. பூடு. அந்தப் பொண்ண வுட்டுடு" என்றார் பெரியதனக்காரர். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கன்னியப்பனைத் தோளில் தூக்கி வளர்த்தவராம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேனே என்று வழி முழுக்க நைனா புலம்பிக்கொண்டே வந்தார். கன்னியப்பன் எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நடந்துவந்தார். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் நின்றுவிடுவார்.

நைனா உட்கார்ந்து எழுதினார். கன்னியப்பன் கரை சேர்ந்த சிந்து. கப்பல்காரர்களைப் புகழ்ந்து, காக்கிநாடா ஆஸ்பத்திரியைப் புகழ்ந்து, வந்தவன் ரத்தமும் சதையுமான மனுஷன் என்று சத்தியம் செய்து ஒரு பாட்டு. எனக்குப் பாடிக் காட்டினார். எனக்குக் கொட்டாவி வந்தது. மறுபடி எழுதினார். பெண்டாட்டி ஓடிவந்து கட்டிக்கொள்வதாக எழுதினார். நடக்காததைப் பாடும்போது அவர் குரலே இறங்கிப் போயிற்று. ஒரு மனுஷனைக் கொல்ல ஒரு சாயங்காலம் போதும் எனக்கு, பிழைக்கவைக்கத் தெரியவில்லையே என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் பகலெல்லாம் எங்கள் தெருமுனையில் மூடின கிடங்கு வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா சோறு கொடுத்தனுப்புவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

அச்சாபீஸ் முதலாளி பாட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். செத்தவன் கதை ஓடும், பொழைச்சவன் கதையை எவன் வாங்குவான், காகிதம் கிடைக்கிற லட்சணத்தில் இதற்கு அழ முடியுமா என்றாராம். நைனா கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அப்போது அவர் சொன்னாராம்: "அந்த ஆளு நடமாடுறான்னு ஊரே நடுங்குது வாத்தியாரே. ஆவி வந்த சிந்து எழுதிக் குடு, நாளைக்கே மிஷினு ஓட்றேன்."

முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் நைனா வீட்டுக்கு வந்தார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். நாலைந்து நாள் பல்பொடிக்காரரையும் கல்யாண வீடுகளையும் தேடி அலைந்தார். ஒன்றும் தகையவில்லை. வாடகைக்காக வீட்டுக்காரர் வாசலில் வந்து செருமிவிட்டுப் போனார். அதற்குள் சூளைச் சிந்துக்காரர் ஆவிப் பாட்டை எழுத ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதில் கன்னியப்பனின் ஆவி பெண்டாட்டியின் கழுத்தை நெரிக்கிறதாம்.

"அவன் எழுதினா அந்தப் பொண்ணு குப்பத்துல எப்டி இருப்பா? நான் எழுதினா ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணாத மாதிரி எழுதுவேன்" என்று நைனா அம்மாவிடம் சொன்னார்.

அம்மா, "எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டு என்னை இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள். அப்புறம் போய் விளக்கை ஏற்றினாள்.

அந்தப் பாட்டைப் போல நைனா எதையும் கட்டினதில்லை. இன்றைக்கும் சொல்வேன். ஆவி யாரையும் பயமுறுத்தாது. மத்தியானத்தில் வரும். தன் குடிசைப் படலை ஒரு தடவை தொட்டுப் பார்க்கும். உள்ளே மனைவி மூச்சுவிடுகிறாள் என்று தெரிந்ததும் திரும்பிவிடும். நைனா பாடிக் காட்டினபோது நான் அழக்கூட முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூளைக்காரர் பாட்டு எடுபடவே இல்லை. எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு ரயில்வே கேட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பாட்டுக்காரர் கஞ்சிரா தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். சுற்றி நல்ல கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்ற அத்தனை பேரும் அவருடைய ஆவிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிவதற்குள் ரயில் வந்து, அந்தச் சத்தத்தில் கடைசி அடிகள் காதில் விழாமல் போயின. கூட்டம் கலைந்தது. அவர் ஒரு புத்தகம் வாங்கினார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"வாத்தியார் பொண்ணுதான நீ? எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. கடைசிய மட்டும் படி."

தண்டவாளத்து ஓரம் குந்திக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனா மாதிரியே இழுத்து, ராகம் போட்டுப் படித்தேன்.

*எண்ணூரு கழிதாண்டி ஏகினான் வடக்கே – கழித்*
*தண்ணீரும் கலங்காமல் நடந்தானே அம்மா.*

"இன்னொரு தபா" என்றார். படித்தேன்.

"வடக்காலயா?"

"ஆமா."

"அவள ஒண்ணும் பண்ணலியே?"

"இல்ல. படலைத் தொட்டுப் பாத்துட்டுப் போயிட்டீங்க" என்றேன்.

அவர் புத்தகத்தை மடித்துப் பேண்ட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க நைனா நல்லாத்தான் கட்டிக்கீறாரு" என்று சொல்லி எழுந்து, தண்டவாளத்தைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் இறங்கி வடக்கே நடந்தார்.

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல சேதி சொல்கிற அவசரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "அவருக்குப் பாட்டு ரொம்பப் புடிச்சிருச்சி நைனா! கடைசிய ரெண்டு தபா படிக்கச் சொன்னாரு!"

நைனாவின் கை தட்டிலேயே நின்றது. "அப்பால எங்க போனான்?"

"பாட்டுல இருக்கிற மாதிரியேதான். வடக்கே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா எச்சில் கையோடு, சட்டைகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் போய்த் தேடினார், மறுநாளும் போனார். கன்னியப்பனை அதற்கப்புறம் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு நான் வாசலில் நின்று நைனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதினதை இதுவரை ஜனங்கள் கேட்டார்கள், அழுதார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். எழுதினபடி வரிக்கு வரி நடந்தவர் இவர் ஒருவர்தான். இதைவிட ஒரு எழுத்துக்காரருக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும், இவர் எதற்கு இப்படி அழுதுகொண்டு ஓடுகிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.